ஐம்பதும் ஐம்பதும்

ஞாயிறு, இரவு.

தங்கையின் கல்யாணப் பூசைக்கு இன்று பொன்மலை மாதா கோயிலில் பாடல் ஒத்திகை. என் கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் இடப்பக்கம் ஐம்பது வாட்ஸ், வலப்பக்கம் ஐம்பது வாட்ஸ். நான் கம்பியைத் தொடுவதற்கு முன்பே பாடற்குழுத் தலைவர் சேவியர் அண்ணன், "நூறு வாட்ஸா? பாடுறவங்க குரலே கேக்காதும்மா. ஒரு பக்கத்தை நிறுத்திடு" என்றார்.

"வாட்ஸ் ரெண்டு மடங்கானா சத்தம் ரெண்டு மடங்காகாதுண்ணே. கொஞ்சம்தான் கூடும். வால்யூமைக் குறைச்சுக்கிறேன்."

அவர் சிரித்துக்கொண்டே வலப்பக்க ஒயரைப் பிடுங்கினார். வாசித்தேன். தங்கைக்காக இரண்டு பக்கமும் மாறி மாறி ஒலிக்கும்படி நான் அமைத்த இசையில் பாதி காணவில்லை. சத்தம் அவ்வளவாகக் குறையவும் இல்லை. "இப்பப் பாருங்க, எவ்வளவு அடக்கமா இருக்கு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது போன் அடிக்கிறது. அவர்தான். அடிக்கட்டும்.