ஐந்து வாசல், ஓர் அடுப்பு

என் சரசக்காவுக்கு,

1997 ஜூன் 12, வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. பாளையங்கோட்டையில் நீ பிடித்துக் கொடுத்த வளவில் இப்போது இருக்கும் பெண்கள் ஐந்து பேர். வாசல் ஐந்து. அடுப்பு ஒன்று. அந்தக் கடைசி எண்ணால்தான் இன்றைக்குக் காரியம் கெட்டது. கெடுத்தவன் நான்.

ரேஷன் கார்டுக்காக வீடு பார்க்க வந்த அதிகாரி இப்போதுதான் சைக்கிளில் ஏறிப் போனார். கார்டு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். நீ இருந்திருந்தால் என்னைப் பார்த்திருப்பாய், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். என்னைப் போலக் கட்டடம் படித்த எவனாவது இன்னோர் ஊரில் இதே தப்பைச் செய்யாமல் இருக்கட்டும்.

அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ மனநல வார்டில் நர்ஸ். குணமாகியும் கூட்டிப்போக ஆள் வராமல் வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்த பெண்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்றாய். காப்பகம் வேண்டாம், வீடு என்றாய். இந்த வளவைக் காட்டினாய். நடுவில் முற்றம், ஒரு கிணறு, வரிசையாக ஐந்து சின்ன வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிக் கதவு எண், பின்னால் கரி படிந்த ஓர் அடுப்படி.

"ஓட்ட மாத்து. கக்கூஸ் கெட்டு. வேற எதுலயும் கை வைக்காதலே" என்றாய்.

நான் கை வைத்தேன். ஐந்து அடுப்பு எரிந்தால் எவ்வளவு விறகு, எவ்வளவு புகை என்று கணக்குப் போட்டேன். அடுப்படிச் சுவர்களை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் சேர்த்துப் புகைபோக்கி வைத்த ஒரே அடுப்பு. பாதி விறகு மிச்சம், நெடுங்காலம் தாங்கும் ஏற்பாடு இதுதான் என்று வரைபடத்தை விரித்து உனக்கு வகுப்பெடுத்தேன். நீ பேனாவை எடுத்து அதன் மேலேயே எழுதினாய்: ஆளுக்கு ஒரு அடுப்பு.

"விறகுக் கணக்கப் பாருக்கா."

"பிச்சம்மா பதினோரு வருஷமா தனக்குன்னு ஒரு வாய் காப்பி போட்டுக் குடிக்கல. அது ஒன் கணக்குல எங்கன லே வருது?"

நான் சிரித்தேன். அடுத்த மாதம் உனக்கு மஞ்சள் காமாலை. கண் மஞ்சளானது தெரிந்தும் இரண்டு நாள் டியூட்டிக்குப் போனாய். ஒரு நர்ஸ் செய்கிற காரியமா அது? ஆறாம் நாள் நீ இல்லை. வரைபடத்தில் உன் எழுத்து இருந்தது. என்னை மறுத்துப் பேச ஆள் இல்லை. என் இஷ்டப்படியே கட்டி முடித்தேன்.

வளவுக்குப் பொறுப்பான டிரஸ்டின் தலைவர் அண்ணாச்சி ஒருநாள் பெயிண்ட் காயாத போர்டு ஒன்றைக் கொண்டுவந்தார். 'ஆதரவற்ற பெண்கள் காப்பகம்.' அதைத் தெருவிலேயே மறித்தேன்.

"போர்டு இல்லாம எவன்வே ஒமக்கு அரிசி மூட தருவான்?"

"வீட்டுக்கு எவன் அண்ணாச்சி போர்டு மாட்டுதான்?"

அந்தப் பதிலில் எனக்குப் பெருமை வேறு. அவரும் சும்மா போகவில்லை. கார்டு வாங்கிக் காட்டு, கிடைக்காவிட்டால் காப்பகம் என்றே பதிவு செய்துவிடுவேன் என்று கெடு வைத்தார். வருகிற செவ்வாய்க்கிழமைதான் கெடு.

தினமும் பன்னிரண்டரைக்கு ஐந்து பேரும் தட்டோடு அந்தப் பெரிய அடுப்புக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். மணி யாரும் அடிப்பதில்லை. நில் என்று யாரும் சொன்னதில்லை. அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒழுங்கு என்று நினைத்தேன்.

போன மாதம் செல்லத்தாய் தன் வீட்டுக்குப் பின்னால் மூன்று செங்கலைக் கூட்டிவைத்துக் பாலில்லாத கட்டங்காப்பி போட்டாள். ஸ்ரீவைகுண்டத்தில் நடவு நட்ட கை. எங்கே போனாலும் மூன்று கல் கூட்டிவிடும். புதிதாக அடித்த சுண்ணாம்பில் கரி. எனக்கு வந்த கோபத்தில் காலால் தள்ளிவிட்டேன். அவள் செங்கலைப் பொறுக்கிக் கிணற்றடியில் அடுக்கினாள்.

இனி இன்றைய கதை. பிச்சம்மாள் விடியும்போதே குளித்துத் தலைசீவி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவளை வார்டில் சேர்த்த வருஷமே அண்ணன் அவள் பெயரைக் குடும்பக் கார்டிலிருந்து எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் பெயர் உள்ள காகிதம் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றுதான்.

அதிகாரி வந்தார். கதவு எண்களைப் பார்த்தார், திருப்தி. "அடுப்பு எங்கன இருக்கு?" என்றார். கூட்டிப்போய்க் காட்டினேன். புகைபோக்கியின் உயரத்தைக்கூடச் சொன்னேன், மடையன்.

"நல்லாத்தான் கெட்டியிருக்கீரு. ஆனா இது ஆஸ்டல்லா."

"தனி வாசல் இருக்கு சார், தனி நம்பர் இருக்கு."

"கார்டு அடுப்பப் பாத்துத்தான் தம்பி. தனியாப் பொங்கித் தின்னா ஒத்தப் பொம்பளையும் குடும்பம். ஒரே அடுப்புல பந்தி போட்டா விடுதி. விடுதின்னு எழுதிக் குடும், அரிசி மொத்தமா வரும். வார்டன், வருகைப் பதிவேடு, கேட்டுக்குப் பூட்டு, எல்லாம் வேணும்."

பூட்டு என்றதும் பிச்சம்மாள் எழுந்தாள். உள்ளே போய்த் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, வார்டில் சோற்றுக்கு நிற்பதுபோல, அடுப்புக்கு முன்னால் நின்றாள். அப்போது மணி பத்தரை. உலைகூட வைக்கவில்லை, அக்கா.

செல்லத்தாய்தான் வாயைத் திறந்தாள். "சாரே, எனக்கு அடுப்பு இருந்துது. இஞ்சினியர் தம்பிதான் காலால ஒதச்சுப் போட்டாவ."

"நெசமாவே?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"ஆமா சார். சுவத்துல கரி பட்டுது."

"கரி படாத வீட்ட நான் எங்கன போயி எழுத?" என்றார். சிரிக்கவில்லை. "இன்னைக்குக் கார்டு இல்லதான். திங்கக்கிழமை இதே தெருவுல எனக்கு இன்னொரு வீடு பாக்கணும். அங்கன வாறப்ப இங்கனயும் எட்டிப் பாக்கேன்."

போகும்போது மனுவில் ஏதோ எழுதினார். பென்சிலால் எழுதினார்.

உனக்கு எப்படித் தெரிந்தது? எந்தக் கல்லூரியில் இதைச் சொல்லித் தருகிறார்கள்? ஐந்து வாசல், ஐந்து அடுப்பு, ஒரு கிணறு என்று சரியாக இருந்த ஒன்றை மேம்படுத்துகிறேன் என்று வார்டாக மாற்றிவிட்டு, வெளியே போர்டு மாட்டாததற்கு நான் மார்தட்டிக்கொண்டேன்.

இனிச் செய்யப்போவது:

1. இன்று மத்தியானம் பெரிய அடுப்பை உடைக்கிறேன். மண் சாந்துதான், செங்கல் முழுசாக வரும்.

2. நாளையும் சனியும் எடுத்த சுவர்களைத் திரும்ப எழுப்புகிறேன். அண்ணாச்சி வந்தால் கொத்தனார் கரண்டியைக் கையில் கொடுப்பேன்.

3. ஞாயிறு ஐந்து அடுப்பும் போடுகிறேன். உயரத்தை நான் சொல்லப்போவதில்லை. குந்தி உட்கார்ந்தோ நின்றோ அவரவர் காட்டட்டும்.

4. செல்லத்தாயிடம் அந்த மூன்று செங்கலைக் கேட்பேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

5. திங்கட்கிழமை அதிகாரி வரும்போது நான் வளவில் இருக்க மாட்டேன். வீட்டுக்காரிகள் பேசிக்கொள்வார்கள்.

6. அவர் போன பிறகு பிச்சம்மாள் வாசலுக்கு வெளியே வந்து நிற்பேன். காப்பி போட்டுக் கூப்பிட்டால் குடிப்பேன். கூப்பிடாவிட்டால் திரும்பிவிடுவேன். அது அவள் வீடு.

உன் பேச்சைப் பிந்திக் கேட்கிற தம்பி,
கணபதி