இன்னும் வியாழக்கிழமைதான்

05.05.1998 செவ்வாய்

பின்னேரம் களுதாவளைக் கடற்கரையில் ஓடினேன். எதிர்க்காற்று. உயிரியல் புத்தகத்தின்படி முதல் சில விநாடிகள் தசையில் ஆயத்தமாக இருக்கும் சக்தியில் ஓடுகிறோம். பிறகு தசையில் சேமித்துள்ள சர்க்கரை. ஒட்சிசன் போதாவிட்டால் லக்டிக் அமிலம், கால் கனக்கும். மணலைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. எழுதியவர் ஓடியிருக்க மாட்டார்.

07.05.1998 வியாழன்

நாளை மாவட்ட மரதனின் முதல் தெரிவு. நாளை வெள்ளிக்கிழமை. அதுதான் பிரச்சினை.

அண்ணனை ஆமி சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடம். எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவன் வரும்வரை வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபடும் மட்டும் வீட்டில் யார் வாயிலும் பச்சைத் தண்ணீரும் படாது என்று அம்மா பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறார். வீட்டில் யாரும் என்றால் அம்மாவும் நானும்தான்.

நாளை ஒருநாள் மட்டும் விடச் சொல்லிக் கேட்டேன்.

"நீ தின்டு, அதால அவன் வராம விட்டா?"

இதற்கு உயிரியலில் பதில் இல்லை. ஆனால் கணக்கு இருக்கிறது. இன்று இரவு முட்டமுட்டச் சோறு தின்றேன். ஈரலில் உள்ள சர்க்கரை விடிவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தசையில் உள்ளது தீராது. தசை சரியான கஞ்சன், தன் சர்க்கரையை வேறு உறுப்புக்குக் கொடுக்காது. எனக்கு அது போதும்.

08.05.1998 வெள்ளி

பதினேழாவது. விழுந்து, எழும்பி, நடந்து போய்ச் சேர்ந்தேன்.

09.05.1998 சனி

தலையிடி குறைந்துவிட்டது. நடந்ததை எழுதலாம்.

பிரதம விருந்தினர் வர நேரமாகி, வெயில் ஏறிய பிறகுதான் ஓட விட்டார்கள். பாதித் தூரத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. வியர்வை நின்றுவிட்டது. பிறகு, முடிவிடம் கண்ணுக்குத் தெரியும்போது, தார் றோட்டு முகத்துக்கு வந்தது. முதலாவதாக வந்த ஏறாவூர் றஸீனா தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தாள். வேண்டாம், விரதம் என்றேன்.

"நோன்பு காலத்தில நாங்களும் ஓடுறதான் கா. ஆனா விடியமுதல் சஹருக்கு எழும்பித் தின்டு, வயிறு நிறையத் தண்ணி குடிப்பம். நீ ராத்திரித் தின்டதோட வந்தயா? பைத்தியமா உனக்கு?"

பைத்தியம் இல்லை, கணக்குப் பிழை. சர்க்கரையைக் கணக்கில் எடுத்தவள் தண்ணீரை மறந்துவிட்டேன். தண்ணீர் குறைந்தால் இரத்தமும் குறைகிறது, இதயம் கிடந்து அடிக்கிறது, உடம்புச் சூடு வெளியே போக வழி இல்லை. அடுப்பில் விறகு இருந்து என்ன, உலைத் தண்ணீர் வற்றிவிட்டது.

முதல் இருபது பேருக்கு இன்னொரு ஓட்டம் உண்டு. அதில் முதல் மூன்று பேர் திருகோணமலைக்கு, மாகாணப் போட்டிக்கு. பள்ளிக்கூடத்தில் எனக்கு இது கடைசி வருடம்.

12.05.1998 செவ்வாய்

சஹர் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன்.

"அது அவங்கட நோன்பு. இது நான் பிள்ளையாருக்கு வெச்ச நேத்தி."

கதை முடிந்தது. நல்லகாலம், இறுதி ஓட்டம் புதன்கிழமை.

20.05.1998 புதன்

ஹர்த்தால். பஸ் இல்லை, கடை இல்லை, ஓட்டமும் இல்லை. வெள்ளிக்கு ஒத்திவைத்துவிட்டார்கள்.

21.05.1998 வியாழன்

ஏன் வெள்ளி? கிழமையில வேற நாளே இல்லையா?

அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டு என்ன? விஷயம் அவருக்குத் தெரியும். சோறு போட்டார், தின்றேன்.

அண்ணா, நீ எங்க இருக்கிறாய்? உனக்குத் தின்ன ஏதும் தாறாங்களா? நான் தண்ணி குடிச்சா நீ வரமாட்டியா — உண்மையா? எனக்கு அம்மாவில கோபம். உன்னிலயும் கோபம். உன்னில கோபிக்கிறது பாவம், தெரியும். ஆனா கோபம்தான்.

22.05.1998 வெள்ளி

விடியச்சாமம் அம்மா தட்டி எழுப்பினார். விளக்கடியில் சோறு, எருமைத் தயிர், இரண்டு வாழைப்பழம், செம்பு நிறையத் தண்ணீர்.

"எழும்பு புள்ள. சூரியன் வந்தாத்தானே பஞ்சாங்கத்தில வெள்ளி. இன்னும் வியாழக்கிழமைதான்."

"நீங்க சாப்பிடல்லயா?"

"நானென்ன மரதனா ஓடப் போறன்?"

தின்றேன். செம்பைக் காலி செய்தேன்.

ஆரையம்பதியிலிருந்து புளியந்தீவு வரை ஓட்டம். இம்முறை காலையிலேயே விட்டார்கள். கல்லடிப் பாலம் வரை எனக்கு முன்னால் றஸீனா மட்டும்தான். பாலத்தடிச் சோதனைச்சாவடியைக் கண்டதும் அவள் ஓட்டத்தை நிறுத்தி நடந்தாள். நானும் நடந்தேன். சைக்கிளில் போனாலும் சென்றியைக் கண்டால் இறங்கி நடந்தே பழகிய கால்கள். அங்கே ஓடினால் என்ன நடக்கும் என்று கால்களுக்குத் தெரியும். ஆமிக்காரன் கையை வீசி, ஓடச் சொல்லிச் சிங்களத்தில் "துவன்ன, துவன்ன" என்றான். இருவரும் சிரித்துவிட்டு ஓடினோம். அதற்குள் பின்னால் வந்தவளுக்கு ஆமியைப் பற்றிய யோசனையே இல்லை, எங்களைத் தாண்டிவிட்டாள். றஸீனா பிறகு அவளைப் பிடித்தாள். என்னால் முடியவில்லை.

மூன்றாவது. திருகோணமலை!

23.05.1998 சனி

நேற்றுப் பொழுதுபட்டதும் அம்மாவுக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். தட்டை ஒதுக்கினார்.

"நீ விடியமுதல் தின்டல்லே. அந்த நேரத்துக்கு ஈடா நான் விடியும் மட்டும் தின்னாம இருக்கோணும்."

பஞ்சாங்கம் எனக்கு மட்டும்தானாம். இன்று விடிந்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

புத்தகத்தின்படி, சர்க்கரை தீர்ந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கிறது. கொழுப்பும் காணாதபோது தசையைத் தின்னுகிறது. செம்பைத் தூக்கும்போது அம்மாவின் காப்பு முழங்கை வரை வழுகிப் போனது. இரண்டு வருடத்துக்கு முன் அது மணிக்கட்டைத் தாண்டாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

29.05.1998 வெள்ளி

நான் முதலில் எழும்பினேன். கஞ்சி வைத்தேன். செம்பில் தண்ணீர் நிரப்பி அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தட்டினேன்.

"எழும்புங்கம்மா. இன்னும் வியாழக்கிழமைதான்."

எழும்பி இருந்தார். கஞ்சியைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார்.

"அவன்...?"

"அவன் வரக்குள்ள நீங்க இருக்கோணுமே."

காப்பை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு கிண்ணத்தை எடுத்துக் கடைசிவரை குடித்தார்.

"உப்புக் காணாது" என்றார்.

உப்புப் போட்டு இன்னொரு கிண்ணம் கொடுத்தேன். அதையும் குடித்தார்.