இரண்டு விரல் தள்ளி

மார்ச் 4

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம் என்று எழுத ஆசைதான், தோள் ஒத்துக்கொள்ளவில்லை. போன் செய்தால் "கிளாஸ்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ தோள்வலி ஆராய்ச்சிக்காக இங்கே தங்கியிருந்த மூன்று மாதமும் வீடு கலகலவென்று இருந்தது. நீ ஊருக்குப் போனதிலிருந்து உன் அண்ணிக்குத் திட்டுவதற்கு என்னைத் தவிர ஆளில்லை.

உன் ஆராய்ச்சியில் நான் சேர்த்துவிட்ட பெயின்டர்களில் நெட்டையனுக்குத்தான் யோகம். கை பழையபடி ஆகிவிட்டது. கூரைக்கு ரோலர் பிடித்துக்கொண்டே பாட்டுப் பாடுகிறான், அதைக் கேட்பதுதான் கொடுமை. எனக்கு நீ பன்னிரண்டு வாரம் அமுக்கியும் கை தோளுக்கு மேலே எழவில்லை. சட்டையை உன் அண்ணிதான் மாட்டிவிடுகிறாள். நீ பட்ட பாட்டில் குறையே இல்லை. இருபது வருடம் அண்ணாந்து பார்த்தே பெயின்ட் அடித்த உடம்பு, சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது.

நெட்டையன் தனக்குத் தெரிந்த பிசியோதெரபி அம்மாவிடம் கூப்பிடுகிறான். உன்னைக் கேட்காமல் போக மனசில்லை. போகட்டுமா?

உன் அண்ணன்


மார்ச் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். தயவுசெய்து இப்போது யாரிடமும் போகாதே. ஜூன் முதல் வாரத்தில் எல்லோரையும் ஒருமுறை கையைத் தூக்கச் சொல்லி அளவெடுக்க வேண்டும். அதுவரை வேறு கை உன் தோளில் பட்டால் கணக்குக் கெட்டுவிடும்.

வலிக்குக் காரணமான முடிச்சு இருப்பது முதுகுப்பக்கம், தோள்பட்டை எலும்பின் மேலுள்ள சதையில். வலியை அது தோளின் முன்பக்கத்தில் காட்டும். இதைத்தான் நாங்கள் ட்ரிகர் பாயிண்ட் என்கிறோம். சிலருக்கு அது இளகுவதற்கு நாளாகும். வெந்நீர் ஒத்தடம் கொடு. உன்னைச் சரிபண்ணுவது என் பொறுப்பு. அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் வாண்டு


மே 2

அன்புள்ள வாண்டுக்கு,

மேஸ்திரி என்னைச் சாரத்திலிருந்து இறக்கிவிட்டார். "கொஞ்ச நாள் கீழ கதவெல்லாம் பாத்துக்கப்பா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். கூரை வேலை என்றால் என்னைத் தேடி வந்த மனுஷன். இப்போது புதிதாகச் சேர்ந்தவர்களோடு உட்கார்ந்து கதவுக்கு உப்புத்தாள் தேய்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

நெட்டையன் சொன்ன இடத்துக்கு நான் போகாததில் உன் அண்ணிக்குக் கோபம். என் தங்கை காரணமில்லாமல் சொல்லமாட்டாள் என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். ஜூனுக்கு இன்னும் ஒரு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்


ஜூன் 18

வாண்டு,

முதல் வாரம் உன் உதவியாளர் வந்து அளவெடுத்துப் போனார். மறுவாரம் ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து எல்லோருக்கும் கவர் வந்தது. நெட்டையனுக்கு "முதல் பிரிவு, முடிச்சின் மேல் அழுத்தம்." எனக்கு "இரண்டாம் பிரிவு, முடிச்சிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒப்பீட்டுக்காக." ஒப்பீடு என்றால் என்ன என்று உன் அண்ணியைக் கேட்டேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "முடிச்சுல அமுக்குனவங்களோட ஒப்பிட்டுப் பாக்க, உங்களுக்கு வேணும்னே தள்ளி அமுக்கியிருக்கா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

யார் எந்தப் பிரிவு என்பது எங்களுக்குத்தான் தெரியக்கூடாதாம். அமுக்குகிற உனக்குத் தெரியும். வேலைக்கு நடுவில் கதவு நிலையின் விளிம்பில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து, வலிக்கிற இடம் எனக்கு அத்துப்படி. ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்னும் ரெண்டு விரல் கீழே என்று உன்னிடம் கெஞ்சினேன். நீ என்ன சொன்னாய்?

"அண்ணா, நீ சுவரைப் பாரு. முதுகை நான் பாத்துக்கிறேன்."

நான் சிரித்தேன். குப்புறப் படுத்துக்கொண்டு, என் தங்கைக்கு எவ்வளவு வாய் என்று பெருமையாகச் சிரித்தேன்.

படிவத்தில் எல்லாம் எழுதியிருந்ததே என்பாய். நீ நீட்டினாய், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதன் நகலும் கவரில் இருந்தது. "ஆய்வாளருக்கு உறவா?" என்ற கேள்விக்கு எதிரே "இல்லை" என்று எழுதியிருக்கிறது. அது உன் எழுத்து.

அண்ணன்


ஜூன் 26

அண்ணா,

நீ திட்டியது போதாது. நாற்பது பேர் தேவைப்பட்டது. கடைசி ஆள் வராமல் முப்பத்தொன்பதில் நின்றது. உறவினரைச் சேர்க்கக்கூடாது என்று தெரிந்தேதான் உன்னைச் சேர்த்தேன். யாருக்கு எந்தப் பிரிவு என்பது குலுக்கலில் முடிவாகி ஒட்டிய கவரில் வரும். உனக்கு முதல் பிரிவு வரும் என்று நம்பிப் பிரித்தேன். வரவில்லை. அந்த நிமிடமே நிறுத்தியிருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்தேன். வெறும் சதையைத்தான் அமுக்குகிறோம் என்று என் விரலுக்குத் தெரியும். பிறகு உன் வீட்டுக்கே வந்து, அண்ணி போட்ட சாப்பாட்டை வாங்கித் தின்றேன். அடுத்த மாதம் வருகிறேன். சரியான இடத்தில் அமுக்கி நானே உன் கையைத் தூக்க வைக்கிறேன்.

ஒரு உதவி மட்டும். என் முகவரியும் உன் முகவரியும் ஒன்றாக இருந்ததை, ஆராய்ச்சி விதிகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழு கவனித்துவிட்டது. வாடகைக்குத் தங்கியிருந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். உனக்கும் ஒரு கடிதம் வரும். உறவு இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடு. இல்லாவிட்டால் என் பட்டம் போய்விடும், நாலு வருட உழைப்பு அண்ணா. உன்னை விட்டால் நான் யாரிடம் கேட்பேன்?

உன் வாண்டு


ஜூலை 6

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

நெட்டையனோடு அந்தப் பிசியோதெரபி அம்மாவிடம் போய் வருகிறேன். முதல் நாளே இடத்தைக் கண்டுபிடித்து அமுக்கினார். அழுதுவிட்டேன். ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவைத்தேன். இப்போது கை காதுவரைக்கும் வருகிறது. ஆனால் மாதக்கணக்கில் விட்டுவிட்டதால், கூரை வேலைக்கு உறுதி சொல்ல முடியாது என்கிறார்.

குழுவின் கடிதம் இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. என் மனைவி, "உள்ளதை எழுதுங்க" என்றாள். மூன்றாம் நாள் உட்கார்ந்து, ஆய்வாளர் எனக்கு உறவு இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உங்கள் பட்டத்துக்கு என்னால் கெடுதல் வராது.

இந்த மாதம் நீங்கள் வர வேண்டாம். எனக்காகப் பொய் சொன்னாரே என்று வருத்தப்படவும் வேண்டாம். எழுதும்போது அது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
ஒரு பெயின்டர்