உயிருள்ள பிள்ளைக்கு வைத்த கைநாட்டு

மார்ச் 4

ஆற்றுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோன வருஷம். எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்ததும் அப்போதுதான். மூத்த பிள்ளைக்குப் பதினேழு வயசு. பையனாகப் பிறந்தது, "நான் பொண்ணுப்பா" என்றது. அடித்தேன். வீட்டை விட்டுப் போய்விட்டது. "ஊர் சிரிக்கும்டா, செத்ததா எழுதிடு" என்றார் அண்ணன். எனக்கு எழுத்து தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல போன்தான் எழுதுகிறது. ஆனால் அன்றைக்கு இறப்புப் பதிவுக் காகிதத்தைப் படித்துக் காட்டினார்கள். தெரிந்தேதான் கைநாட்டு வைத்தேன்.

முப்பது வருஷம் கழித்து இன்றைக்கு வாசலில் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையாம். மாசக் கடைசிக்குள் அடையாள அட்டை வேண்டும். தாலுக்கா ஆபீஸில் "நீங்க செத்தாச்சே" என்கிறார்களாம்.

"சண்டை போட வரலப்பா. நான் சாகலைன்னு உங்க வாயால வந்து சொல்லணும்."

உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை நான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

மார்ச் 11

ஆபீஸ் போனோம். மெஷினில் கட்டைவிரல் பதியவில்லை. நாற்பது வருஷம் சிமெண்ட் பூசின கை, ரேகை எங்கே இருக்கும்?

"பெரியவரே, உங்க விரல் ரிட்டயர் ஆயிடுச்சு" என்றார் கிளார்க். பிள்ளை சிரித்தது. அதன் அம்மா சிரிப்பு அப்படியே.

"சரி, வாயாலயே சொல்லுங்க. இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

வரிசையில் பின்னால் எங்கள் தெரு மளிகைக்காரர்.

"தெரிஞ்சவங்க" என்றேன்.

சீ.

மார்ச் 12

நேற்று பஸ்ஸில் அதன் பக்கத்து சீட்டில் ஒருத்தரும் உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டே வந்தேன். இறங்கும்போது, "படி உயரம், பாத்துப்பா" என்று கையைப் பிடித்தது. நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

மார்ச் 19

மறுபடி கூப்பிட்டது. கால் வலி என்றேன். காலுக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 27

நானே போன் போட்டு வரச் சொன்னேன். தெருவில் சேர்ந்தே நடந்தோம்.

"எங்க பெரியவரே, காலையிலயே?" மளிகைக்காரர்.

"என் பிள்ளை சாகலைன்னு சொல்லிட்டு வரப் போறேன்."

அவர் கை தராசிலேயே நின்றது.

கிளார்க் பழைய காகிதத்தை எடுத்துவைத்தார். "இதுல இருக்கறவங்க யாராவது சாட்சி சொல்ல வருவாங்களா?"

சொல்லிக்கொடுத்த அண்ணன் போயாச்சு. எழுதின குமாஸ்தா போயாச்சு. சாட்சிக் கையெழுத்துப் போட்ட மச்சானும் போன வருஷம்.

"உங்களத் தவிர ஒருத்தர்கூட உயிரோட இல்லையா?"

"இருக்கா. செத்துட்டான்னு எழுதியிருக்கே, அவதான். என் பொண்ணு."