பாடி அத்தைக்கு ஒரு ஃபிளாஸ்க்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

போன முறை நான் கொடுத்த ஃபிளாஸ்க்கைப் பார்த்து, "இன்னாடி, மஸ்கட்ல இதான் கெடச்சுதா? பாடி கடைத்தெருவுலயே விக்கிறான்" என்றார் அத்தை. ஆறே மாதத்தில் அதையே தம்பி கல்யாணத்துக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். நீங்கள் தடுத்ததால் அன்று சும்மா இருந்தேன்.

இம்முறையும் அவருக்கு ஃபிளாஸ்க்தான். நம் ஊர்ப் பாத்திரக்கடை மாதிரி இங்கேயும் பேர் வெட்டுகிறார்கள். "பாடி அத்தைக்கு ஆவடி ரோஷினி அன்பளிப்பு" என்று மூடியிலும் அடியிலும் வெட்டச் சொல்லிவிட்டேன். இனி யார் கல்யாணத்துக்குக் கொடுப்பார், பார்க்கிறேன்.

உங்களுக்கு ரவிக்கை தைக்க வேண்டும். அளவுக்குப் பழையது ஒன்றை, லீவு முடிந்து இங்கே திரும்பும் சித்ரா அக்காவிடம் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் போட்டுக் கழற்றியபடியே இருக்கட்டும், துவைக்க வேண்டாம்.

டியூட்டிக்கு நேரமாகிறது.

ரோஷினி

பி.கு.: அத்தையிடம் மூச்சு விடாதீர்கள். சொந்தம் எல்லாம் கூடியிருக்கும்போது அவர் கையாலேயே பிரிக்கட்டும்.