நாற்பத்தேழாம் கேள்வி

கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருக்கும் என் மனைவிக்கு,

நலம். சமையல் நடக்கிறது. தீய்ந்த வாசம் வந்தால் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து அடுப்பை அணைத்துவிடுகிறாள்.

இந்த வயதில் இருவரும் உயிரியல் தேர்வு எழுதியதில் தவறில்லை. தேர்வு மைய வாசலில் நின்று விடையை ஒப்பிட்டதுதான் வினை. நாற்பத்தேழுக்கு நான் 'சி' என்றேன், நீ 'பி' என்றாய். சுற்றி நின்ற பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்லி அழ ஆரம்பித்தார்கள்.

"வாத்தியாரே இல்லாம தானா படிச்சவன் நான்" என்றேன்.

"அதான் தெரியுதே" என்றாய். அழுத பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத வேண்டியதில்லை. நீ மறந்திருக்க மாட்டாய்.

இன்று அடுப்பை அணைக்க வந்தவள், அவளும் அதே தேர்வு எழுதியவள்தான், மேசையில் கிடந்த நம் இரண்டு கேள்வித்தாள்களையும் புரட்டினாள்.

"தாத்தா, காப்பி அடிக்கக் கூடாதுன்னு கேள்வி வரிசையை ஆளுக்கு ஆள் மாத்திக் குடுப்பாங்க. உங்க நாப்பத்தேழு சிறுநீரகம். பாட்டிக்கு நாப்பத்தேழு தவளை."

உன் தவளைக்கு 'பி' சரியாம். என் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

ஆக, வெவ்வேறு கேள்விக்கு நாம் சண்டை போட்டிருக்கிறோம். அந்தச் சண்டை செல்லாது. செல்லாத சண்டைக்கு நான் மன்னிப்புக் கேட்கவும் முடியாது, நீ அங்கே தங்கவும் முடியாது. எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுத வேண்டாம். எல்லா ரயிலுக்கும் நான் நிலையத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத உன் கணவன்