பாதி நிற்கும் வாசல்

மார்ச் 3

அன்புள்ள என்னங்க,

பெயர் சொல்லாமல் கூப்பிட்டே முப்பது வருடம் ஓடிவிட்டது. கடிதத்திலும் அப்படியே வருகிறது. போனில் பிள்ளை பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று அவன் வேலை பார்த்த கோயிலுக்குப் போனேன். ஆயிரம் வருடப் பழசாம். கருவறையில் சாமியும் இல்லை, மேலே கூரையும் இல்லை, அண்ணாந்தால் வானம். சுவரைப் பிளந்துகொண்டு மரவேர்கள். சரிந்துகிடந்த கற்களைப் பொருத்தி நம் பிள்ளை எழுப்பிய வாசல் பாதியில் நிற்கிறது. அவன் விழுந்த இடத்திலேயே புதுச் சாரம் கட்டியிருக்கிறார்கள். உச்சியில் ஒரு பெண் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆயிற்றோ, "இறங்கும்மா! கீழே இறங்கு!" என்று கத்திவிட்டேன். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

இறங்கி வந்தாள். இந்த நாட்டுப் பெண், நம் பாஷை தெரியாதவள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்டியா அம்மா?" என்றாள்.

அவன் சொல்லிக்கொடுத்ததாம், அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள். இந்த வருடம் அவளை நம் வீட்டுக்கு அழைத்து வருவதாக இருந்தானாம். நம்மிடம் மூச்சுவிடவில்லை, பாருங்கள்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் டீச்சரம்மா

மார்ச் 15

டீச்சரம்மாவுக்கு,

கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது. பவர் பார்க்க வந்தவர் எதிரிலேயே லென்ஸைக் கீழே போட்டுவிட்டேன்.

விஷயம் தெரியாதவர்கள், "பையன் எப்படி இருக்கான் சார்?" என்று கேட்டால், "வேலை ஜாஸ்தி, போன் பண்ணக்கூட நேரமில்ல அவனுக்கு" என்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்திருந்தது. அந்தத் தெம்பில்தான் காலையில் ஷட்டரைத் தூக்குகிறேன். நீ சாரம், வாசல் என்று எழுதி அதைப் போட்டு உடைத்துவிட்டாய்.

அந்தப் பெண்ணை அழைத்து வராதே. அவன் சட்டைகூட வேண்டாம். நீ மட்டும் வா. வந்த பிறகு இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் கண்ணாடிக்கடைக்காரன்

மார்ச் 27

என்னங்க,

திரும்பி வரும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அவன் குடியிருந்த அறையிலேயே தங்கிக்கொள்கிறேன். சாயங்காலம் அவள் வருவாள். அவள் அழுதால் நான் பிடித்துக்கொள்கிறேன், நான் அழுதால் அவள். பாஷை ஒன்றும் தேவைப்படவில்லை.

உங்கள் மேல் கோபமில்லை. அவன் வேலையாக இருக்கிறான் என்று நினைத்துத்தான் நீங்கள் எழுந்து நடமாட முடிகிறதென்றால், நினைத்துக்கொள்ளுங்கள். கெடுக்க மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு என்னால் இருக்க முடியாது. என் பிள்ளை செத்துப்போய்விட்டான். அதைச் சத்தமாகச் சொல்லி அழ எனக்கு ஓர் ஆள் வேண்டும்.

அது நீங்களாக இருந்திருக்கலாம்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா